சென்னையிலிருந்து ஒறம்பரை வர்றாங்க: கோயமுத்தூர்ல குழந்தைகளோட எங்கெங்கே போகலாம்?

சிங்காநல்லூர்க்காரி

வணக்கமுங்க. வர்ற பள்ளிக்கூட லீவுல சென்னையிலிருந்து எங்கண்ணன் குடும்பம் வருது. அண்ணன், நங்கையா (அண்ணி), ரெண்டு குழந்தைங்க. பெரியவனுக்குப் பதினொரு வயசு, சின்னவளுக்கு ஆறு. குழந்தைகளோட அம்மிச்சியும் (நங்கையாவோட அம்மா) கூட வர்றாங்க. எழுபது தாண்டியாச்சு, முழங்கால் வலி. நாலு நாள் இருப்பாங்க.

எப்ப வந்தாலும் மறுநாள் வெடியால காரை எடுத்துட்டு ஊட்டிக்குக் கிளம்பிருவாங்க. பாதிப் பொழுது மலைப்பாதையில வண்டி வரிசையிலயே போயிரும். சின்னவ ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தி எடுப்பா. திரும்பி வந்ததும் மறுநாள் ரயிலேறிருவாங்க. நம்ம ஊர்ல ஒண்ணுமே பாக்காம போறாங்களேன்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல ஒரு குறை. இந்தத் தடவை ஊருக்குள்ளயும் பக்கத்துலயும் நல்லா சுத்திக் காட்டணும். மால் வேண்டாம், அது அவங்க தெருக்கோடியிலயே இருக்குது. வழி சொல்லுங்க.

சாய்பாபா காலனி சங்கதி

வ.உ.சி. பூங்கா மிருகக்காட்சி சாலையை யாராச்சும் சொல்லுவாங்க, அதை நம்பிப் போயிராதீங்க. 2022ல அங்கீகாரம் ரத்தாகி அதை மூடிட்டாங்க. குழந்தைகிட்ட மான் பாக்கலாம், முதலை பாக்கலாம்னு ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போய் ஏமாத்த வேண்டாம்.

நொய்யல்கரை

அக்கா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஒரு நாளைக்கு ரெண்டு இடத்துக்கு மேல வேண்டாம். காலையில ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. மத்தியானம் ஊட்டுல சோறு, தூக்கம். அம்மிச்சிக்கு முழங்கால் வலி, சின்னவளுக்கு ஆறு வயசு. அஞ்சு இடம் போட்டா மூணாவது இடத்துலயே எல்லாருக்கும் கோவம் வந்துரும்.

ரெண்டாவது, பதினொரு வயசுப் பையன் இருக்கறதால அவிநாசி ரோட்டுல ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தை எந்தக் காரணத்துக்கும் விட்டுறாதீங்க. பக்கத்துலயே ஜீடீ கார் மியூசியம், 2015ல திறந்தாங்க. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான்னு பல நாட்டுப் பழைய கார்கள் வரிசையா நிக்குது. பசங்க அதுக்குத்தான் ஓடுவாங்க, ஓடட்டும். ஆனா பெரியவனைக் கையைப் புடிச்சு நாயுடு செஞ்ச சாமான்கள் இருக்கற பக்கம் கூட்டிட்டுப் போங்க. மண்ணெண்ணெயில ஓடற ஃபேன், ஓட்டுப் பதிவு பண்ற மெஷின், முகம் வழிக்கற ரேசர், இப்படி.

அந்த மனுசன் கதையை முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. சூலூர் பக்கத்துல கலங்கல்ல 1893ல பொறந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு மனசுல ஒட்டல. ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிள்ல போறதைப் பாத்துட்டு, அதை வாங்கணும்னே கோயமுத்தூர் வந்து ஓட்டல்ல சர்வர் வேலை செஞ்சு காசு சேத்தார். வாங்கினதும் ஓட்டித் திரியல, அக்கக்காக் கழட்டி மறுபடி மாட்டிப் பாத்தார். 1920ல ஒரே ஒரு பஸ்ஸை வெச்சு பொள்ளாச்சி–பழனி ரூட் ஓட்ட ஆரம்பிச்சார். 1937ல டி. பாலசுந்தரத்தோட சேர்ந்து இந்தியாவுலயே முதல் மின்மோட்டாரைக் கோயமுத்தூர்ல செஞ்சாங்க. இன்னிக்கு நம்மூர்ல சந்துக்குச் சந்து பம்ப்செட் பட்டறையும் லேத்தும் இருக்குதே, அதோட வேர் இங்கதான். ஊட்டுல மிக்சியைக் கழட்டிப் போட்டு அடி வாங்கற பையனா இருந்தா, அவனுக்கு இந்த எடம் கோயில்.

திங்கக்கிழமை விடுமுறை, அன்னிக்கு வேண்டாம். வழியில 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு அவர் பேர்லயே ஒரு மேம்பாலம் 2025 அக்டோபர்ல திறந்திருக்காங்க. போகும்போது அதுல ஏறாம கீழ் ரோட்டுலயே வாங்க, இல்லைன்னா தாண்டிப் போயிருவீங்க. திரும்பும்போது பசங்களுக்காக ஏறிக்கலாம்.

காந்திபுரம் கணக்கு

ஏனுங், குழந்தைங்க லீவுக்கு வர்றதே ஆட்டம் போடத்தான். மியூசியம் மியூசியமாக் கூட்டிட்டுப் போனா அடுத்த வருசம் வரமாட்டாங்க. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், இல்லைன்னா சிறுவாணி ரோட்டுல கோவை கொண்டாட்டம். ஒரு நாள் முழுக்கத் தண்ணியில விட்டுருங்க. நான் எங்க பசங்களைக் கூட்டிட்டுப் போற வழக்கம் அதுதான், ராத்திரி படுத்ததும் தூங்கிருவாங்க.

நொய்யல்கரை

தண்ணியில விடறதுல எனக்கு மறுப்பில்லைங்க, வெயில் காலத்துல குழந்தைக்கு அதைவிட வேற என்ன வேணும்? ஆனா அம்மிச்சி அன்னிக்கு முழுக்க ஒரு பெஞ்சுல உக்காந்து எல்லார் பையையும் பாத்துக்கிட்டிருப்பாங்க. டிக்கெட்டும் அஞ்சு பேருக்கு நல்லாவே வரும். நாலு நாள்ல ஒரு முழு நாளை அதுக்குக் குடுக்கணுமான்னுதான் கேக்கறேன். அதே தண்ணி கொடிவேரியில இருக்குது.

கோபிச்செட்டிபாளையம் வயக்காடு

கொடிவேரின்னு பேர் வந்துட்டதால எட்டிப் பாத்தேன். கோபி–சத்தி பக்கம், பவானி ஆத்துல குறுக்க கட்டின பழைய தடுப்பணை. இதுல இருந்துதான் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் ரெண்டும் பிரியுது. எங்க ஊரு நெல்லெல்லாம் அந்தத் தண்ணிதான். அணை மேல வழிஞ்சு விழற தண்ணி அகலமா, நின்னு குளிக்கற உசரத்துல விழும். கரையில ஆத்து மீனை மசாலா தடவி வறுத்துத் தர்றாங்க. அந்த வாசனைக்கே பசி எடுத்துரும்.

ரெண்டு விசயம் மட்டும் கவனமுங்க. பாறை வழுக்கும், சின்னவளைக் கையை விடாதீங்க. பவானிசாகர்ல இருந்து தண்ணி அதிகமாத் திறந்தா குளிக்கத் தடை போட்டுருவாங்க. கிளம்பற அன்னிக்குக் காலையில யாரையாச்சும் கேட்டுட்டுக் கிளம்புங்க. ஞாயித்துக்கிழமை கால் வெக்க எடமிருக்காது, வேலை நாள்ல வாங்க. வர்ற வழியில வயல் பச்சையா இருந்தா வண்டியை நிறுத்திக் குழந்தைகளை வரப்புல நடக்க விடுங்க. சென்னைப் பசங்க அதை மறக்க மாட்டாங்க.

பீளமேடு பஞ்சுமில்

ஊட்டிக்குப் போகாம ஊட்டி ரயிலைக் காட்டலாம், இதை யாரும் சொல்லல. மலை ரயில் மேட்டுப்பாளையத்துல காலை 7.10க்குக் கிளம்புது. டிக்கெட் லீவு நாள்ல கிடைக்கறது கஷ்டம், மாசக்கணக்கா முன்னாடியே தீந்துரும். ஆனா கிளம்பறதைப் போய்ப் பாக்கறதுக்குப் பிளாட்பாரம் டிக்கெட் போதும். ஆறரைக்கே அங்க இருங்க.

எஞ்சின் முன்னாடி இருக்காது, பெட்டிகளுக்குப் பின்னாடி நின்னு மேல தள்ளிட்டுப் போகும். பையன்கிட்ட ஏன்னு கேளுங்க, யோசிக்கட்டும். அப்புறம் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல ஓடற பல்சட்டத்தைப் பத்திச் சொல்லுங்க. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் எஞ்சின் அடியில இருக்கற பல்சக்கரம் அந்தப் பல்லுல கடிச்சுக் கடிச்சுத்தான் ஏறுது. ஏத்தம் சில எடத்துல 12 அடிக்கு ஒரு அடி கணக்குல வரும், சாதாரண சக்கரம் வழுக்கிரும். மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 250 பாலம், 16 குகை. குன்னூர் வரைக்கும் 1899ல ஓடுச்சு, ஊட்டிக்கு 1908ல போய்ச் சேந்துச்சு. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா 2005ல அறிவிச்சாங்க. ஸ்டேசன்லயே சின்ன ரயில் மியூசியமும் இருக்குது.

நீராவி சீறி, ஊதல் போட்டு, மெதுவா நகரும்போது பாக்கணும். எங்க ஊட்டுப் பெரியவரு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுப் பிளாட்பாரம் முடியற வரைக்கும் கூடவே நடந்து போவாரு.

ஐப்பசி, கார்த்திகையில மண்சரிவுனால அடிக்கடி ரத்தாகும். அந்த மாசம்னா விசாரிச்சுட்டுப் போங்க.

சிங்காநல்லூர்க்காரி

இது எனக்குத் தோணவே இல்லைங்க! ரயிலைப் பாத்துட்டு அங்கிருந்து எக்கட்ட போறது? அவ்வளவு காலையில போயிட்டு எட்டு மணிக்குத் திரும்பறதா?

காரமடைக்காரன்

சனி, ஞாயிறா இருந்தா நேரா பரளிக்காடு போங்க. காரமடை, வெள்ளியங்காடு வழியா மலைக்குள்ள போகணும், பில்லூர் அணை நீர்த்தேக்கம். வனத்துறையும் அங்கிருக்கற இருளர் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தறது. முன்பதிவு இல்லாம உள்ள விடமாட்டாங்க, அதை மட்டும் இப்பவே பண்ணிருங்க. நேர்ல போய்க் கெஞ்சி ஒண்ணும் ஆகாது.

போனதும் மிதவைச் சட்டையை மாட்டி விட்டுப் பரிசல்ல ஏத்துவாங்க. சுத்தி நாலாப்பக்கமும் காடு, நடுவுல தண்ணி. பரிசல்காரங்க அந்த ஊர்க்காரங்களே, எந்தப் பக்கம் யானை தண்ணி குடிக்க வரும், எது என்ன மரம்னு அவங்களே சொல்லுவாங்க. அப்புறம் மத்தியானம் அந்த ஊர்ப் பொம்பளைங்க சமைச்ச சாப்பாடு. களி, கோழிக்குழம்பு, சைவமும் உண்டு. நாம குடுக்கற காசு அந்த ஊர்களுக்கே போகுது, அதனாலயும் நான் எல்லாரையும் அங்க அனுப்பறேன்.

பாட்டு போடறது, பிளாஸ்டிக் பை, சத்தம் இதெல்லாம் கூடாது. குழந்தைகளுக்கு முன்னாடியே சொல்லி வெச்சுக் கூட்டிட்டுப் போங்க.

உக்கடம் குளத்தங்கரை

எல்லாரும் ஊரை விட்டு வெளிய ஓடறீங்களே. அக்கா கேட்டது ஊருக்குள்ள.

நம்ம ஊரு குளங்களைக் காட்டுங்க. நொய்யல் தண்ணி வாய்க்கால் வழியா ஒரு குளத்தை நெரப்பி அடுத்த குளத்துக்குப் போற மாதிரி அந்தக் காலத்துல கட்டினது. பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம் மூணுலயும் இப்போ கரையைச் சுத்தி நடைபாதை, உக்கார மேடை, குழந்தைங்க விளையாடற எடம் எல்லாம் போட்டிருக்காங்க. குறிச்சிக் குளக்கரையில தமிழ் எழுத்துகளாலயே செஞ்ச திருவள்ளுவர் சிலை நிக்குது. சின்னவ இப்பத்தானே எழுத்துப் படிக்கற வயசு? சிலைக்குப் பக்கத்துல நின்னு 'அ' எங்க, 'ழ' எங்கன்னு தேட விடுங்க. அம்மிச்சியும் கூட நின்னு தேடுவாங்க.

பெரியகுளத்துக்கு வெடியால ஆறரைக்குள்ள போயிருங்க. கூழைக்கடா தண்ணியில எறங்கறதைக் கிட்டத்துல பாக்கலாம். பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க. பொழுதோட போனா லைட்டும் கூட்டமும் கடைகளும்தான் இருக்கும், பறவை கண்ணுல படாது.

எனக்கு இதுல ஒரு வருத்தமும் உண்டு. கரைக்குச் செலவழிச்ச அக்கறையைத் தண்ணிக்கும் காட்டணும். இன்னும் சாக்கடைத் தண்ணி கலக்கற எடம் இருக்குது, சில நாள் நாத்தம் வரும். அதையும் குழந்தைகளுக்கு மறைக்காம சொல்லுங்க.

லாலி ரோடு

வேளாண் பல்கலைக்கழகத்துல பூச்சி அருங்காட்சியகம் இருக்குது, 2018ல திறந்தது. ஆறு வயசுக்கும் பதினொரு வயசுக்கும் ஒண்ணாப் புடிக்கற ஒரே எடம்னா நான் இதைத்தான் சொல்லுவேன். வண்டு, பட்டாம்பூச்சி, குச்சிப்பூச்சின்னு கண்ணாடிக்குள்ள நிறம் நிறமா. பக்கத்துலயே தாவரவியல் பூங்கா, அம்மிச்சிக்கு நிழல்ல உக்கார எடம் உண்டு.

அந்த ரோட்டுப் பக்கமே கரும்பு இனப்பெருக்க நிறுவனம், 1912ல ஆரம்பிச்சது. உள்ள சுத்திப் பாக்கற மாதிரி எடமில்ல, ஆனா தாண்டும்போது பசங்ககிட்டச் சொல்லலாம்: நாடு முழுக்க விளையற கரும்பு ரகங்களுக்கு 'கோ' ன்னு ஆரம்பிக்கற பேர் வந்தது கோயமுத்தூரை வெச்சுத்தான்.

அப்படியே ஆர்.எஸ். புரம் கௌலி பிரவுன் ரோட்டுல காஸ் வன அருங்காட்சியகம், 1902ல ஆரம்பிச்சது. பாடம் பண்ணி நிக்க வெச்ச காட்டுமாடு ஒண்ணு இருக்குது பாருங்க, அதுக்குக் கிட்ட நின்னாத்தான் நாம எவ்வளவு சின்ன ஆளுன்னு குழந்தைக்குப் புரியும். மர ரகங்கள், பாம்பு, பூச்சின்னு பழைய காலத்து முறையில அடுக்கி வெச்சிருக்காங்க. அரசு அலுவலக வளாகம், அதனால வேலை நாள்ல போங்க.

பேரூர் படித்துறை

பேரூரை இவ்வளவு நேரம் யாரும் எடுக்காதது எனக்கு ஆச்சரியமா இருக்குது.

பட்டீசுவரர் கோயில்னா பெரியவங்களைக் கூட்டிட்டுப் போற எடம்னு நெனச்சுக்கறாங்க. குழந்தைகளுக்குக் காட்ட அங்க இருக்கற மாதிரி எங்க இருக்குது? கனகசபை மண்டபத் தூண்கள்ல யானைத்தோலை உரிச்சுப் போத்தற சிவன், ஊர்த்துவ தாண்டவம், வீரபத்திரர் எல்லாம் ஆளுயரத்துக்கு மேல. கண்ணு, நகம், நரம்பு வரைக்கும் கல்லுல கொண்டாந்திருக்காங்க. அண்ணாந்து பாத்தா மேல் கூரையில இருந்து கல்லாலயே செஞ்ச சங்கிலி தொங்குது. வளையம் வளையமா, ஒரே கல்லுல இருந்து. எப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணை நுழைச்சாங்கன்னு பெரியவன் கேப்பான். நுழைக்கவே இல்ல, கல்லை உள்ளுக்குள்ள குடைஞ்சு குடைஞ்சே வளையத்தைப் பிரிச்சாங்கன்னு சொல்லுங்க. பத்து நிமிசம் அந்த எடத்தை விட்டு நகர மாட்டான்.

சின்னவளுக்குக் கதை. சுந்தரர் காசு கேட்டு வர்றாருன்னு சிவனும் பார்வதியும் பள்ளன், பள்ளி வேசத்துல வயல்ல எறங்கி நாத்து நட்டுட்டிருந்தாங்களாம். நந்தி காட்டிக் குடுத்துருச்சு. அந்த நாத்து நடவுத் திருவிழா இன்னிக்கும் ஆனி மாசம் நடக்குது. சாமியே சேத்துல எறங்கின கதை, நம்ம கொங்குச் சீமைக்குப் பொருத்தமான கதை. பிறவாப் புளி, இறவாப் பனை ரெண்டு மரத்தையும் அம்மிச்சி சொல்லுவாங்க, அவங்க பங்குக்கு விட்டுருங்க.

மத்தியானம் நடை சாத்திருவாங்க, காலையில பத்து மணிக்குள்ள போங்க. படி அதிகமில்ல, முழங்கால் வலிக்காரங்களுக்குக் கஷ்டம் இருக்காது. மருதமலைக்குப் படியேறிப் போறதை இந்தத் தடவை விட்டுருங்க, 800 படிக்கு மேல. போகணும்னு ஆசைப்பட்டா கோயில் பஸ்ல போயிட்டு வரலாம்.

காந்திபுரம் கணக்கு

சரிங்க, என் கட்சியைக் கொஞ்சம் தளர்த்திக்கறேன். பேரூர்ல இருந்து கோவை கொண்டாட்டம் பக்கம்தான். காலையில கோயில், அப்புறம் அண்ணன் குழந்தைகளை அங்க கூட்டிட்டுப் போகட்டும், நீங்க, நங்கையா, அம்மிச்சி ஊட்டுக்கு வந்துருங்க. எல்லாரும் எல்லா எடத்துக்கும் சேர்ந்தே போகணும்னு கட்டாயமில்லையே.

இன்னொண்ணு, எங்க ஏரியாவுலயே செம்மொழிப் பூங்கா. 2010ல இங்க உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தப்ப பேசினது, 2025 நவம்பர்லதான் திறந்தாங்க. மத்திய சிறை நிலத்துல 45 ஏக்கர். மரங்க இன்னும் வளரணும், அதனால வெயில் தாழ்ந்தப்புறம் போங்க.

நொய்யல்கரை

அந்தப் பூங்காவுக்குப் போனா வ.உ.சி.யைப் பத்திச் சொல்லாம வந்துறாதீங்க. 1908 ஜூலையில அவரை இந்த ஜெயிலுக்குத்தான் கொண்டாந்தாங்க, 1910 டிசம்பர் வரைக்கும் இங்கதான் இருந்தார். கப்பல் விட்ட மனுசனை மாடு இழுக்கற செக்கை இழுக்க வெச்சாங்க. அந்தச் செக்கை இன்னும் சிறை வளாகத்துல பாதுகாத்து வெச்சிருக்காங்க. பெரியவன் பாடப் புத்தகத்துல படிச்சிருப்பான், அது நடந்த எடம் இதுதான்னு தெரியட்டும்.

நீங்க சொன்ன பிரிஞ்சு போற யோசனை நல்ல யோசனைங்க, ஒத்துக்கறேன்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பு

எங்க பக்கமும் ஒரு நாள் குடுங்கன்னு கேக்க ஆசைதான். ஆழியாறு அணை, குரங்கு அருவி, டாப்சிலிப். ஆனா நாலு நாள்ல கொடிவேரியும் பரளிக்காடும் ரெண்டுமே வெளியூர்ப் பயணம் ஆச்சு. மூணாவதா இதைச் சேத்தா குழந்தைங்க கார்லயே இருப்பாங்க. அடுத்த லீவுக்கு வெச்சுக்கங்க. கோவைக் குற்றாலமும் அப்படித்தான், திங்கக்கிழமை மூடியிருக்கும், மழைத்தண்ணி அதிகமானாலும் மூடிருவாங்க.

ஆர்.எஸ். புரம் அடுப்படி

சாப்பாட்டைப் பத்தி யாருமே பேசலியே! ஒரு வேளை அன்னபூர்ணாவுல இட்லி, சாம்பார். சாம்பாரைக் கேட்டுக் கேட்டு ஊத்திக்கலாம், சென்னைக்காரங்களுக்கு அது புதுசு. பொழுதோட தள்ளுவண்டியில காளான். முட்டைக்கோசும் காளானும் போட்டுப் பொரிச்சதைத் தோசைக்கல்லுல கொத்தி, மசாலா ஊத்தி, மேல வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவாங்க. சின்னவளுக்குக் காரம் கொறைச்சுப் போடச் சொல்லுங்க. பேக்கரியில தேங்காய் பன்.

ஆனா ஒரு நாளாவது ஊட்டுல நீங்களே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போடுங்க. சூடா நெய் விட்டு, தொட்டுக்க அப்பளமும் தயிரும். அதோட ஒரு காலையில சந்தகை புழிஞ்சு தேங்காப்பால். சந்தகை புழியற மெஷினைப் பெரியவன் கையில குடுத்துருங்க, நாயுடு மியூசியம் பாத்துட்டு வந்த கையோட அவனே சுத்தட்டும்.

சிங்காநல்லூர்க்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நங்கையாகிட்ட போன்ல படிச்சே காட்டிட்டேன், ஊட்டி வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. இப்படிப் போட்டிருக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க. வியாழன் வந்து எறங்கறாங்க, அன்னிக்குப் பொழுதோட குறிச்சிக் குளம் மட்டும். வெள்ளி காலையில பேரூர், மத்தியானம் அண்ணன் குழந்தைகளோட கோவை கொண்டாட்டம். சனி மலை ரயில் பாத்துட்டுப் பரளிக்காடு. ஞாயிறு காலையில ஜி.டி. நாயுடு மியூசியம், ராத்திரி ரயில். கொடிவேரியை மனசில்லாம எடுத்துட்டேன், ஞாயித்துக்கிழமை கூட்டம்னு கோபிக்காரர் சொன்னதால. பூச்சி மியூசியத்தை வெள்ளிக்குள்ள நுழைக்க முடியுமா?

பரளிக்காட்டுல அம்மிச்சி பரிசல்ல ஏறமுடியுமாங்க? கால் மடக்கி உக்கார அவங்களால ஆகாது.

லாலி ரோடு

வெள்ளி வேண்டாமுங்க, நெருக்கும். பூச்சி மியூசியத்துக்கு அவசரமாப் போனா வீண். வியாழன் காலை ரயில்ல வந்தாங்கன்னா அன்னிக்கு மூணு மணிக்கு மேல போயிட்டு அப்படியே குளத்துக்குப் போலாம். மாலை எத்தனை மணி வரைக்கும் விடறாங்கன்னு முன்னாடியே கேட்டுக்கங்க.

காரமடைக்காரன்

பரிசலுக்குள்ள கீழதான் உக்காரணும், நாற்காலி கிடையாது. ஏறும்போதும் எறங்கும்போதும் ஆடும். அம்மிச்சியைக் கரையிலயே மர நிழல்ல உக்கார வெச்சிருங்க. முன்பதிவு பண்ணும்போதே வயசானவங்க ஒருத்தர் பரிசல் ஏறமாட்டாங்கன்னு சொல்லிருங்க, அவங்களே வழி சொல்லுவாங்க. மேட்டுப்பாளையத்துல ரயில் கிளம்பின கையோட நீங்களும் கிளம்பிருங்க, காலை டிபனைக் கட்டிட்டு வந்துட்டா இன்னும் நல்லது. மலைப்பாதை உண்டு, சின்னவளுக்கு வாந்தி வரும்னு சொன்னீங்களே, அவளை மட்டும் காலையில வயிறு நெறையச் சாப்பிட விடாதீங்க, ரெண்டு இட்லி போதும், முன் சீட்டுல உக்கார வெச்சுக்கங்க.